இலைக்கு அடியில் ஒரு தராசு

சோற்றைப் பார்த்த மாத்திரத்தில் அது எத்தனை கிராம் என்று நான் சொல்லிவிடுவேன் என்று எங்கள் சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். கண்ணால் பார்த்து நான் சொன்ன எடை இன்றுவரை ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை. அதனால்தான் தராசை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன்.

என் மகளுக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை. பிள்ளைகளுக்கு வருவது. உடம்பு இன்சுலின் சுரப்பதையே விட்டுவிடும். சாப்பிடுகிற ஒவ்வொரு வேளைக்கும் ஊசி போட வேண்டும். எட்டு வயதில் வந்தது. இப்போது அவளுக்குப் பதினொன்று.

மதுரை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குச் சொல்லித் தர ஒரு அம்மா இருந்தார்கள். சாப்பாட்டில் இருக்கிற மாவுச்சத்தைத்தான் எண்ண வேண்டும் என்றார்கள். அவர்கள் அதைக் 'கார்ப்' என்றார்கள். என் மனைவி அன்றிலிருந்து 'மாவு' என்கிறாள். பதினைந்து கிராம் மாவுக்கு ஒரு யூனிட் ஊசி. வெந்த சோறு நூறு கிராமில் இருபத்தெட்டு கிராம் மாவு. கறியில் மாவே இல்லை. அந்த அம்மா காட்டிய படத்தில் சப்பாத்தி, ரொட்டி, ஆப்பிள் எல்லாம் அழகாக இருந்தன. நாங்கள் சாப்பிடுகிற எதுவும் இல்லை. நான் அஞ்சாவது வரை படித்தவன். பதினைந்தாம் வாய்ப்பாடு என் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரும் முன்பே நான் நின்றுவிட்டேன். அதை நாற்பது வயதுக்கு மேல், வண்டி ஓட்டிக்கொண்டே படித்தேன். நான் கரி மூட்டை லோடு அடிக்கிறவன். குட்டி யானை என்று எல்லாரும் சொல்கிற அந்தச் சின்ன வண்டிதான் என் வண்டி. ரோட்டில் போகிறவர்கள், தனியாகப் பேசிக்கொண்டு போகிறானே என்று பார்ப்பார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்களுக்குக் கொடுத்த ஊசி சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியது. அதாவது என்ன சாப்பிடப்போகிறாள், எவ்வளவு, எப்போது என்பது மூன்றும் முன்கூட்டியே தெரிய வேண்டும். போட்ட ஊசியைத் திரும்ப வாங்க முடியாது. சோறு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். சோறு வராவிட்டால் பிள்ளைக்குக் கை நடுங்கும், வேர்க்கும், கண்ணைக் கட்டும். அதற்கு மேலும் ஆகும். அதற்கு மேல் ஆவதை ஒரு தடவை பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட, பக்கத்தில் யாராவது சொல்லி நிறுத்தட்டும் என்று அடுத்த நிறுத்தம் வரை போகிறவன். அப்படிப்பட்டவன் நாலு பேர் மத்தியில் தராசை எடுத்து வைப்பது எவ்வளவு சங்கடம் என்பதை அருப்புக்கோட்டைப் புரோட்டாக் கடையில் தெரிந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கடையில், மகளுக்கு வாங்கிய புரோட்டாவை மேசைக்கு அடியில் வைத்து எடை போட்டேன். எண்பது கிராம். அதற்கு உண்டான கணக்கை மனதில் வைத்துக்கொண்டேன். ஆனால் மாஸ்டர் பார்த்துவிட்டார். எடை பார்க்கிற ஆபீஸிலிருந்து ஆள் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த வாரம் போனபோது "வாங்க சார்" என்றார். புரோட்டா தட்டை விட்டு வெளியே தொங்கியது. நான் எண்பது கிராம் கணக்கிலேயே ஊசி போடச் சொன்னேன். சாயந்திரம் மகளுக்குச் சர்க்கரை முன்னூறைத் தாண்டியது. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது பேட்டரி போட்டேன். அதற்கடுத்த வாரம் புரோட்டா இன்னும் பெரிசாக வந்தபோதுதான் விளங்கியது. நான் ஆபீசர் இல்லை என்று அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

விசேஷ வீடுகளில் என்ன செய்வோம் என்றால், மகளுக்கு வீட்டிலேயே எடை போட்டுக் கட்டிய டிபன் பாக்ஸ் இருக்கும். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவள் என் வண்டிக்குப் பின்னால், கரித்தூசிக்கு மேல் சாக்கு விரித்து உட்கார்ந்து சாப்பிடுவாள். மூன்று வருஷமாக அப்படித்தான்.

என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து என்று சேதி வந்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம், கண்மாய்க் கரையில் அவர்களுடைய குலசாமி கோயில். நான் தாய்மாமன். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் நான்தான், போகாமல் இருக்க முடியாது. அன்றைக்கே மகள் சொல்லிவிட்டாள்.

"டிபன் பாக்ஸ் கட்டாதீக. நான் பந்தியில உக்காரப்போறேன்."

"தாராளமா உக்காரு. பாக்ஸைப் பக்கத்துல வச்சுக்க" என்றாள் என் மனைவி.

"பாக்ஸ் வேணாம். எல்லாரும் திங்கிற நேரத்துல, எல்லாரும் திங்கிற சோத்தை, இலையில திங்கப்போறேன். கறிக்குழம்பு ஊத்தி."

"கணக்கு எப்படிடி?"

"அதை அப்பா பாத்துக்கிருவாக."

அப்பா பார்த்துக்கொள்வது அத்தனை லேசு இல்லை. எங்கள் பக்கத்துப் பந்தியில் சோறு போடுகிறவர் கூடையிலிருந்து தட்டால் அள்ளிப் போடுவார். போதும் என்று கையைக் காட்டினால், கை காட்டிய மரியாதைக்காக இன்னொரு தட்டு விழும். அந்தச் சோற்றை எடை போட்டுப் பார்ப்பது அதைவிடக் கஷ்டம். விருந்து வைக்கிறவன் அளந்து போட்டான் என்று பேர் வந்தால் பத்து வருஷத்துக்குப் போகாது. அவன் வீட்டு இலையில் தராசை வைப்பது, அவனை நாலு பேர் முன்னால் கஞ்சன் என்று சொல்வதற்குச் சமம். மாப்பிள்ளையிடம், அதாவது என் தங்கச்சி புருஷனிடம், போனில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை கூப்பிட்டேன். நாலு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

ஆகவே வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்தோம். தராசின் மேல் இலையை விரித்து, மகளை உட்காரவைத்து, மனைவி சோறு போட்டாள். எடை சரியாக வந்தது. ஆனால் தராசு இருந்த இடத்தில் இலை மேடு தட்டியது. குழம்பை ஊற்றியதும் அது நாலாப்பக்கமும் இறங்கி ஓடி என் மனைவியின் சேலையில் சேர்ந்தது.

"பக்கத்து இலைக்காரருக்குக் கொடுத்துவச்சிருக்கு" என்றாள் மகள்.

யோசித்துப் பார்த்து, வாசலில் தராசு அளவுக்குச் சதுரமாகக் குழி தோண்டினேன். அதில் தராசை இறக்கி, மேலே இலையை விரித்ததும் தரையோடு தரையாக இருந்தது. இலையின் ஓரத்தை விரலால் தூக்கினால் நம்பர் தெரிந்தது. பார்க்கிறவர் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, கனைத்துக் காட்ட வேண்டியது. கனைத்ததும் மகள் இலைமேல் குப்புறக் கவிழ்ந்து மறித்துக்கொள்ள வேண்டியது. இதுதான் திட்டம்.

"இதுக்கு மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிரலாம்" என்றாள் மனைவி. நான் குழியை இன்னும் கொஞ்சம் சீராக்கினேன்.

காதுகுத்து அன்று விடிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டோம். எல்லாரும் மொட்டை எடுக்கிற இடத்தில் நின்றிருந்தார்கள். பந்திக்குப் போட்டிருந்த தார்ப்பாய்ப் பந்தலில் ஆள் இல்லை. வரிசையின் கடைசி இடமாகப் பார்த்து, களைக்கொத்தால் குழி தோண்டி, தராசைப் பாலிதீன் பையில் சுற்றி இறக்கி, மேலே கொஞ்சம் மண்ணைத் தூவினேன். தட்டிவிட்டு நிமிர்ந்தால் மாப்பிள்ளையின் சித்தி நின்றுகொண்டிருந்தார்கள். கையில் வெற்றிலை.

"என்ன தம்பி பண்றீக?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஒண்ணுமில்லாததுக்கா குழி?"

"சும்மாதான்" என்றேன். அவர்கள் என் மஞ்சப்பையைப் பார்த்தார்கள், குழியைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்களுக்கான கறியெல்லாம் அதிகாலையிலேயே வெட்டிச் சமையலுக்குப் போய்விடும். ஆனால் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா தனி. காதுகுத்து முடிந்ததும் அதைக் கோயில் முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சத்தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பந்தியில் இலைமேல் சோறு விழ வேண்டும். அதுவரை இலை காலியாகத்தான் கிடக்கும். இது எனக்கும் தெரியும். ஆனால் மஞ்சத்தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தானே செய்யும் என்று நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிள்ளை என் மடியில் கத்திக் கதறிக் காது குத்தி முடிந்ததும் மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"மாப்ள, இலை எப்பப் போடுவாக?"

"இந்தா, விரிச்சாச்சு. கெடாவுக்குத் தண்ணி ஊத்தப் போறாக. ரெண்டு நிமிசம். சோறு எறங்கிருச்சு, கொழம்பு கொதிக்குது. உக்கார வேண்டியதுதான், மச்சான்."

அவர் சொன்ன ரெண்டு நிமிஷத்தை அரை மணி நேரம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அதுதான் சரியான கணக்கு. மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். இருநூறு கிராம் சோறு, மேற்கொண்டு ரசம், கூட்டு. மொத்தம் அறுபது கிராம் மாவு, நாலு யூனிட். வண்டி மறைவில் வைத்து ஊசி போட்டாள். மகள் தன் கடைசி இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

கிடாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அது நின்றது. மறுபடி ஊற்றினார்கள். அது தன் கழுத்தில் கிடந்த மாலையைத் திரும்பிப் பார்த்து, ஒரு பூவைக் கடித்துத் தின்றது. காதில் ஊற்றினார்கள். காதை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, அடுத்த பூவைக் கடித்தது.

"நல்லா ஊத்துங்கய்யா."

"இதுக்கு மேல ஊத்துனா நீந்தும்."

கால்மணி நேரம் போனது. மேளக்காரர் அடித்து அடித்துக் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். கிடா மாலையில் பாதியைத் தின்று முடித்திருந்தது. பூசாரி கண்ணை மூடி நின்று, பிறகு திறந்து, "ஏதோ கொறை இருக்கு. சாமி மொகம் குடுக்க மாட்டேங்குது. தப்புப் பண்ணுனவுக யாரும் இருந்தா இப்பவே ஒத்துக்கிட்டு விழுந்து கும்புட்டுருங்க" என்றார்.

ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். ஒருத்தர் வருகிற வழியில் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லி விழுந்து கும்பிட்டார். தண்ணீர் ஊற்றினார்கள். கிடா அசையவில்லை. ஒருத்தர் கோயிலுக்கு மணி வாங்கித் தருவதாக நேர்ந்து, அதை வேறு கோயிலுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்கும் அசையவில்லை. வேட்டியில் ஒருத்தர் எழுந்து, தான் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று விழுந்து கும்பிட்டார்.

எனக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரிந்தது. ஊசி போட்டு முப்பத்தைந்து நிமிஷம். பந்தல் கூப்பிடு தூரத்தில்தான். அங்கிருந்து என் மனைவி கையை உயர்த்தி என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் கிடாவைக் காட்டினேன். அவள் குளுக்கோஸ் பொடிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டுவது அங்கிருந்தே தெரிந்தது. அவள் சொன்னது என்ன என்று மனைவி பிறகு சொன்னாள். "பொடியைக் குடிச்சா அம்புட்டுச் சோறு கொறையும். நான் சோறு திங்கத்தான் ஊசி போட்டேன். பொடி நக்க இல்ல."

மனைவி விரல் நுனியில் குத்திச் சர்க்கரை மெஷினில் பார்த்திருக்கிறாள். எண்பத்தாறு. எழுபதுக்குக் கீழே போகாதவரை பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் பார்ப்பேன், சோறு வராவிட்டால் குடித்தே ஆக வேண்டும் என்று சொல்லி, செம்பில் குளுக்கோஸைக் கரைத்து இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

நான் மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். "மழை வரும்போல" என்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அப்போதுதான் சித்தி முன்னால் வந்தார்கள்.

"நான் ஒண்ணு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்கிரக் கூடாது."

எல்லாரும் தப்பாக எடுத்துக்கொள்ளத் தயாரானார்கள்.

"காலையில பந்தல்ல ஒரு ஆளு குழி தோண்டி எதையோ பொதைச்சதைப் பாத்தேன். கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாக. பையில இருந்து எடுத்து, சுத்தி முத்திப் பாத்துட்டு உள்ள வச்சு, மேல மண்ணைப் போட்டுத் தட்டிவிட்டாக. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று என்னைப் பார்த்தார்கள்.

செய்வினை என்று யாரோ சொன்னார்கள். தகடு என்று யாரோ சொன்னார்கள். தாய்மாமனா என்று என் தங்கச்சி கேட்டது எனக்குக் கேட்டது. அடுத்த நிமிஷம் கூட்டம் மொத்தமும் பந்தலைப் பார்த்து நடந்தது. பூசாரி முன்னால் போனார். மேளக்காரர் எதற்கும் தேவைப்படும் என்று மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிடாவைப் பிடித்திருந்தவருக்கும் பார்க்க ஆசை. அவர் கிடாவோடு வந்தார்.

மகள் அசையாமல் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்த ஒருவர், மண் கிளறி இருப்பதைக் கண்டு பின்வாங்கினார்.

"பிள்ளைய அங்கிட்டு நகட்டுங்கப்பா. பொதைச்சதுக்கு மேலயே உக்காந்திருக்கு" என்றார் பூசாரி.

"நகர மாட்டேன். இது என் எடம்" என்றாள் மகள்.

இலையை ஒதுக்கி மண்ணைத் துடைத்தார்கள். பாலிதீன் பைக்குள் கறுப்புக் கண்ணாடி தெரிந்தது. கை பட்டதும் அது பச்சையாக எரிந்து, முட்டை மாதிரி ஒரு நம்பரைக் காட்டியது. கூட்டம் இரண்டு எட்டுப் பின்னால் போனது. பூசாரி எதையோ முணுமுணுத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கட்டுப் போடுகிற மாதிரி அதன் நடுவில் வைத்தார்.

"நாப்பத்திரெண்டு கிராம்" என்றாள் மகள்.

பூசாரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எலுமிச்சம்பழத்துல மாவு கம்மி. அதுக்கு ஊசி வேணாம்" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தது என் கல்யாணத்தில்தான், அப்போதுகூட நான் குனிந்தே இருந்தேன். மகளின் மேல் உதட்டில் வேர்வை பொடித்திருந்தது. மத்தியான வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொள்ளவில்லை.

"அது தராசு" என்றேன். "சோறு எடை போட."

மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. "எங்க வீட்டுப் பந்தியில, எங்க சோத்தை எடை போடவா மச்சான் தராசு கொண்டாந்தீக? நாங்க என்ன ரேஷன் கடையா வச்சிருக்கோம்?"

"பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு, மாப்ள. இருநூறு கிராம் சோத்துக்கு. கூடப் போனா ஏறும், கொறைஞ்சா எறங்கும். நீங்க ரெண்டு நிமிசம்னு சொன்னீக, அதை நம்பிப் போட்டேன். ஊசி உள்ள போயிருச்சு. கெடா சிலுப்புறவரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்காது."

இதை நான் சத்தமாகத்தான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் போல இருந்தது. மாப்பிள்ளை என் மகளைப் பார்த்தார், காலி இலையைப் பார்த்தார்.

"இதைப் போன்ல சொல்ல வேண்டியதுதான?" என்றார். "நாலு தடவ கூப்புட்டு மழையப் பத்திக் கேட்டீக. ஏய், சோத்தைக் கொண்டாங்கப்பா."

"கெடா சிலுப்பாம இலையில சோறு விழக் கூடாது" என்றார் பூசாரி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "எனக்கு என்னப்பா, நான் இன்னிக்குப் போடச் சொல்லுவேன். நாளைக்கு ஒண்ணுன்னா என் சட்டையத்தான் பிடிப்பீக."

"தட்டுல போட்டுக் குடுங்க. இலையில விழத்தான கூடாது" என்றார் ஆம்லெட்காரர்.

"சட்டம் பேசாதீக" என்றார் பூசாரி.

என் மனைவி அதற்கு மேல் பொறுக்கவில்லை. மறுபடி விரலில் குத்திப் பார்த்தாள். எழுபத்தி நாலு. "சாமியும் வேணாம், பந்தியும் வேணாம். குடிடி" என்று செம்பைத் தள்ளினாள். மகள் இலையைப் பார்த்தாள். அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவள் இலையை மெதுவாக மடிக்க ஆரம்பித்தாள்.

இந்தப் பேச்சில் கிடாவை யாரும் கவனிக்கவில்லை. பூமாலையைத் தின்று முடித்து, தாகத்தோடு நின்ற அது, கூட்டத்துக்கு நடுவில் தலையை நுழைத்து, செம்பை மோந்து பார்த்து, மூஞ்சியை உள்ளே விட்டுக் குளுக்கோஸ் தண்ணீரை ஒரே இழுப்பாக உறிஞ்சியது. குடித்து முடித்து நிமிர்ந்தபோது செம்பும் கூடவே வந்தது. மூஞ்சி மாட்டிக்கொண்டுவிட்டது. கிடா ஒரு கணம் செம்போடு நின்று யோசித்தது. பிறகு தலையிலிருந்து வால் வரை அப்படி ஒரு சிலுப்புச் சிலுப்பியது. செம்பு பறந்து போய் மேளத்தில் விழுந்தது. மஞ்சத்தண்ணீர் எல்லார் மேலும் தெறித்தது.

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள்.

"செம்பு மாட்டுனதுக்குச் சிலுப்புனதை எப்படிச் சாமி சிலுப்பல்னு எடுத்துக்கிறது?" என்று கேட்டார் ஒருத்தர்.

பூசாரி முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். என் மகளைப் பார்த்தார். "செம்பை யாருய்யா மாட்டிவிட்டது? நீயா, நானா?" என்றார். "சிலுப்பிருச்சு. சோத்தைப் போடுங்க."

கிடாவைக் கோயில் பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள். அதற்குள் என் மனைவி பொட்டலத்தில் மிச்சமிருந்த பொடியை மகளின் வாயில் தட்டிவிட்டாள். ஐந்து கிராம் இருக்கும், அத்தனையும் மாவுக் கணக்கு. "அப்ப இருநூறு இல்ல, நூத்தி எண்பது" என்றாள் மகள், வாயில் பொடியோடு.

மாப்பிள்ளை வேறு யாரையும் விடாமல் தானே சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தராசில் இலையை விரித்து நம்பரை முட்டைக்குக் கொண்டுவந்தேன். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை, இலை ஓரத்தை மடித்தே வைத்துவிட்டேன். நூறு பேருக்கு வாரி வாரிப் போட்டுப் பழகியவர், அள்ளியதில் பாதியைக் கூடையிலேயே தட்டிவிட்டார். ஒரு தட்டு போட்டார்.

"தொண்ணூறு" என்றது பக்கத்து வரிசை.

இன்னொரு தட்டு. "நூத்தி அறுவத்தஞ்சு."

"மெதுவா, மெதுவா. நாலு பருக்கையா விடுங்க."

அவர் தட்டைச் சாய்த்தார். சோறு மொத்தமாக விழுந்தது. இருநூற்றுப் பதினெட்டு. இலையில் விழுந்ததைத் திரும்பக் கூடையில் அள்ளக் கூடாது. எல்லாரும் ஐயோ என்றார்கள். நான் கையால் கொஞ்சம் அள்ளி என் இலையில் வைத்தேன். நூற்று எழுபத்தொன்பது. என் இலையிலிருந்து நாலு பருக்கையை எடுத்து மறுபடி அவள் இலையில் வைத்தார் மாப்பிள்ளை. பிறகு இன்னும் நாலு. நூற்று எண்பது வந்ததும் ஆம்லெட்காரர் கை தட்டினார்.

"கொழம்பு ஊத்தலாமா?" என்று என்னிடம் கேட்டார் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"கறிக்கு மாவு இல்ல, மாமா. எம்புட்டு வேணாலும் போடுங்க" என்றாள் மகள். அவர் எம்புட்டு வேண்டுமானாலும் போட்டார்.

அவள் சாப்பிட்டாள். தலையைத் தூக்காமல், எலும்பைக் கடித்து உறிஞ்சி, முழங்கை வரை குழம்பு வழிய, எல்லாரோடும் சேர்ந்து. அவளுக்கு எதிர் வரிசையில் சித்தி உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் தம்பி, அதுல என் இலையையும் ஒரு தடவ வச்சுப் பாக்க முடியுமா? இவன் எனக்கு எப்பவும் கொறைச்சுத்தான் போடுவான்னு சந்தேகம்" என்று மாப்பிள்ளையைக் காட்டிக் கேட்டார்கள். அதன் பிறகு மூன்று பந்திக்கு நான் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. நூற்று எண்பதில் நிறுத்திக் காட்டுவதாகச் சோறு போடுகிறவர்களுக்குள் போட்டி வேறு. கடைசிவரை ஒருத்தரும் ஜெயிக்கவில்லை.

திரும்பும்போது திருச்சுழி தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மகள் விரலை நீட்டினாள், என் மனைவி குத்தினாள். நூற்று ஐம்பத்திரண்டு. நல்ல நம்பர். ஆஸ்பத்திரியில் காட்டினால் கை கொடுப்பார்கள். என் மனைவி அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். ரோட்டோரக் கருவேலஞ்செடிகளில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மகள் இன்னும் கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்புப் போட்டும் கறி வாசம் போகவில்லையாம்.

"ஏப்பா, நம்ம சொந்தத்துல இன்னும் யாருக்குக் காது குத்தலை?" என்றாள்.

வீரசோழன் ஊர்ப் பக்கம் என் சித்தப்பா மகனுக்குப் போன மாதம்தான் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொன்னேன். காது குத்த எப்படியும் ஒரு வருஷம் ஆகும்.

"ஒரு வருசமா?" என்று கேட்டுவிட்டு, மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, அவுகளுக்கு இன்றைக்கே போன் போட்டுத் தராசைப் பற்றிச் சொல்லிவிடச் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் கூப்பிட்டேன். முதலில் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொண்டோம். அப்புறம் சொன்னேன்.